பெருங்குடல் மீது ஒரு தீர்மானம்

மாரிக்கண்ணனின் பெருங்குடல் முழுக் குணமடைந்துவிட்டது என்று மாதுங்கா தமிழ் ஆரோக்ய சகாய சபா, ஜூலை மாத முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று ஐந்துக்கு ஒருமனதாகத் தீர்மானித்தது. முன்மொழிந்தவர் தலைவர் சுப்ரமணியன். வழிமொழிந்தவர் செயலாளர் அபயாம்பாள். எதிர்ப்புத் தெரிவித்தவர் யாருமில்லை. பெருங்குடலின் சொந்தக்காரன் அப்போது மாடிப்படியில் வரிசையில் நின்றுகொண்டிருந்தான். உறுப்பினர் அல்லாதவர்களுக்கு ஓட்டுக் கிடையாது.

அவன் தாராவியில் தோல் பை தைக்கிறவன். வயது முப்பத்தாறு. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாளைக்கு இருபது தடவை ரத்தமாகப் போய், பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். அங்கிருந்த டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார்: "பெருங்குடலோட உள்பக்கம் முழுக்கப் புண். உன் உடம்போட காவல்படையே உன் குடலை எதிரின்னு நினைச்சு அடிக்குது. நீ சாப்பிட்டதால வந்ததில்ல, செஞ்ச பாவத்தால வந்ததுமில்ல. வேரோட பிடுங்க மருந்து கிடையாது. அடக்கி வைக்க மாத்திரை இருக்கு. தினம் நாலு. நல்லா இருக்கும்போதும் போடணும். நல்லா இருக்கும்போதுதான் முக்கியமா போடணும்."

அந்த மாத்திரையைத்தான் சபா மாதாமாதம் முதல் ஞாயிறு இலவசமாகக் கொடுத்து வந்தது. எட்டு மாதமாக ரத்தம் இல்லை. சபாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

"இந்தா," என்று அபயாம்பாள் ஒரு கவரை நீட்டினார். டெலிபோன் இலாகாவில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். கவரில் மாத்திரை இல்லை. கடிதம் இருந்தது.

"என்ன மேடம் இது?"

"வாழ்த்துக் கடிதம். நீ குணமாயிட்டே."

"யாரு சொன்னா மேடம்?"

"சபா."

"டாக்டரம்மா சொல்லலையே."

"டாக்டர் நம்ம சபாவுல மெம்பர் இல்லையே, மாரிக்கண்ணன்."

உள்ளே தலைவர் கூப்பிட்டார். சுப்ரமணியன் முப்பத்தெட்டு வருடம் ஒரு வங்கியில் தணிக்கை செய்தவர். அவருடைய சட்டைப் பையில் ஒரு சிவப்புப் பேனா எப்போதும் இருக்கும். ஓய்வு பெற்ற அன்று வங்கி கொடுத்தது.

"உக்காருப்பா. வயத்து வலி உண்டா?"

"இல்ல சார்."

"ரத்தம்?"

"எட்டு மாசமா இல்ல சார்."

"தூக்கம், பசி?"

"நல்லாத் தூங்குதேன். பசிக்கி."

"அப்புறம் என்ன?"

"அது மாத்திர போடுததால சார்."

"மாத்திரை போடறதால நன்னா இருக்கியா, நன்னா இருக்கறச்சே மாத்திரை போடறியா? ரெண்டுல எது?"

மாரிக்கண்ணன் யோசித்தான். "ரெண்டுந்தான் சார்."

"அபயாம்பாள், எழுதிக்கோங்கோ. பயனாளி தான் நன்னா இருக்கறதா ஒத்துண்டார்."

சபாவின் வலைத்தளத்தைப் பார்த்துக்கொள்ளும் நிகில் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினான். தமிழ் பேசுவான், படிக்க வராது. "அங்கிள், வெளிநாட்டு டோனர்ஸ் பாக்கறதுக்கு இந்த மாதிரி கட்டம் கட்டமா போட்டிருக்கேன். 'க்யூர்ட்'ங்கற கட்டத்துல மூணு வருஷமா ஜீரோ. பஹுத் புரா லக்தா ஹை, பாக்கவே ரொம்ப மோசமா இருக்கு. இவர்தான் நம்ம பெஸ்ட் கேஸ்."

"பாத்தியா?" என்றார் சுப்ரமணியன். "என் மேஜையை விட்டு எந்த ஃபைலும் 'தொடர்கிறது'ன்னு போனது கிடையாது. ஒரு விஷயம் தொடர்ந்துண்டே இருக்குன்னா, ஒண்ணு நிர்வாகம் சரியில்லே, இல்லேன்னா பார்ட்டி சரியில்லே. எங்க நிர்வாகம் சரியா இருக்கு."

வெளியே வரிசையில் பேராச்சி நின்றிருந்தாள். தொண்ணூறு அடி ரோட்டில் இட்லி விற்கிறவள். சர்க்கரைக்கு மாதாமாதம் சபாவிலிருந்து ஊசி மருந்து வாங்குகிறாள்.

"எய்யா மாரி, ஒனக்குக் கொணமாயிட்டுன்னு தீர்மானம் போட்டாவளாமே! கொடுத்து வச்சவன்யா நீ. நமக்கு எப்பப் போடுவாவளோ."

"யத்தே, மாத்திர தரலத்தே."

"கொணமானவனுக்கு மாத்திர எதுக்கு?" என்றாள் பேராச்சி. அவள் அதை வஞ்சகமில்லாமல்தான் கேட்டாள்.

வீட்டில் சண்முகவடிவு கடிதத்தை இரண்டு தடவை படித்தாள்.

"தீர்மானம் போட்டா புண்ணு ஆறிருமா? அப்பம் என் பல்லுவலிக்கும் ஒண்ணு போடச் சொல்லுங்க."

"சிரிக்காத வடிவு. டப்பால பதினோரு மாத்திரதான் கெடக்கு."

"நான் எங்க சிரிச்சேன்?" என்றாள் அவன் மனைவி.

ஆகஸ்டில் டாக்டரம்மாவிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போனான். இரண்டே வரி. நோய் இப்போது அடங்கியிருக்கிறது. மருந்தைக் கட்டாயம் தொடர வேண்டும்.

சுப்ரமணியன் சிவப்புப் பேனாவைத் திறந்து முதல் வரியின் அடியில் கோடு போட்டார். இரண்டாவது வரியைச் சுற்றி வட்டம் போட்டார்.

"முதல் வரி தகவல். ரெண்டாவது வரி அபிப்ராயம். ஆடிட்ல நாங்க அபிப்ராயத்தை எடுத்துக்கறதில்லே."

"சார், நிறுத்தினா திரும்ப வரும்னு சொல்லுதாவ."

"வரட்டுமே! வந்தா விதி இருக்கு. ஒன்பதாம் விதி. மூடின ஃபைலைத் திறக்கணும்னா, நோயாளி நோயோட நேர்ல ஆஜராகணும். முதல் ஞாயிறு, பத்துலேர்ந்து பதினொண்ணுக்குள்ள. நோய் கமிட்டி மெம்பர்கள் கண்ணால பாக்கற நிலைமையில இருக்கணும். ரிப்போர்ட் கிப்போர்ட் செல்லாது."

"கண்ணாலன்னா எப்பிடி சார்? அது உள்ளல்லா இருக்கு."

"அது உன் பொறுப்பு."

ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் அந்த மாத்திரை அடுத்த வாரம் வரும் என்று மூன்று வருடமாகச் சொல்லி வருகிறார்கள். வெளியே மருந்துக் கடையில் வாங்கினான்; விலை கட்டுப்படியாகவில்லை. ஒரு நாளைக்கு நாலு என்பது ஒன்றாயிற்று. செப்டம்பரில் ஒன்றுவிட்டு ஒரு நாள் ஆயிற்று. தீபாவளி ஆர்டருக்குப் பட்டறையில் லேப்டாப் பை தைத்துக்கொண்டிருந்தார்கள். மிஷினை விட்டு எழுந்தால் வரிசையாகப் பத்துப் பேர் கை நிற்கும். எழுந்து போகாமலிருக்க அவன் மத்தியானச் சாப்பாட்டை நிறுத்திப் பார்த்தான். குடல் அதற்கும் மசியவில்லை. அதன் சண்டை சோற்றோடு இல்லை.

அக்டோபரில் ஒரு காலை ஆறு மணிக்குச் சண்டாஸ் என்கிற பொதுக் கழிப்பறை வரிசையில் பதினாறு பேர் நின்றார்கள். ஆறு கதவு. ஆறாவது எப்போதும் பூட்டியிருக்கும். சாவி, வாசல் மேஜையில் காசு வாங்கும் கலீலுல்லாவிடம். மாரிக்கண்ணன் தெருமுனையிலிருந்து ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவதைக் கலீலுல்லா தூரத்திலேயே பார்த்துவிட்டார். பத்துப் பதினோரு மாதமாகப் பார்க்காத நடை.

சாவியைத் தூக்கிப் போட்டார்.

வரிசையில் ஒருவன் கத்தினான். "ஏய் பாய், இவன் என்ன வி.ஐ.பி.யா? டாக்டர் எழுதின சிட்டி இருக்கா?"

"அவன் மூஞ்சிதான்வே சிட்டி. நீரும் அந்த மாதிரி மூஞ்சியக் கொண்டாரும், தாரேன். மாரி, ஜல்தி போ."

வெளியே வந்தவன் வெளுத்துப்போயிருந்தான். கலீலுல்லா அவன் கண்ணைப் பார்த்தார்.

"லாலா?"

"ஆமா பாய். செவப்பு."

"சாவிய நீயே வச்சிக்க."

ஒரு விண்ணப்பத்தை விசாரித்து, உத்தரவிட்டு, நடைமுறைப்படுத்த அந்த வாசல் மேஜை அலுவலகத்துக்கு அவ்வளவு நேரம்தான் ஆனது.

நவம்பர் முதல் ஞாயிறு அவன் ஒன்பதாம் விதிப்படி நோயோடு புறப்பட்டான். முந்தின நாளிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. சண்முகவடிவு கூட வந்தாள். டாக்டரம்மாவின் புதுக் கடிதமும் கையில் இருந்தது: புண் மறுபடி விழித்துவிட்டது, உடனே முழு மருந்து. வேறு ஊசியும் மாத்திரையும் பதினைந்து நாளைக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்தார்கள். அது தீயை அணைக்கும், காவலுக்கு நிற்காது என்றும் சொல்லியிருந்தார்கள்.

பத்து மணிக்குக் கமிட்டி கூடியது. பத்தேகாலுக்குப் பிரார்த்தனை. பத்து இருபத்தைந்துக்குப் போன மாதக் குறிப்பை அபயாம்பாள் வாசித்தார். அதில் ஒரு கமா விடுபட்டிருப்பதைச் சுப்ரமணியன் கண்டுபிடித்தார். பத்து நாற்பதுக்கு மாரிக்கண்ணனின் நெற்றியில் வேர்த்தது.

"மேடம், பாத்ரூம் எங்க?"

"இங்க இருக்கறது கமிட்டி மெம்பர்களுக்குப்பா. சாவி என் ஹேண்ட்பேக்ல இருக்கு. ஆனா பொதுமக்களுக்குத் திறந்து விடக்கூடாதுன்னு ரெண்டாயிரத்துப் பதினாறுல ஒரு தீர்மானம்."

"அம்மா, அவரால முடியாதும்மா," என்றாள் சண்முகவடிவு.

"தீர்மானத்தை ரத்து பண்ணணும்னா கோரம் வேணும்மா, போதுமான மெம்பர்கள். ஒரு மெம்பர் டோம்பிவிலிலேர்ந்து வரணும். ரயில் லேட்டாம்."

அவன் படியிறங்கி ஓடினான். மார்க்கெட் பக்கத்துக் கட்டணக் கழிப்பறையில் வரிசை. திரும்பி வரும்போது பதினொன்று பத்து. சண்முகவடிவு படியில் உட்கார்ந்திருந்தாள். அபயாம்பாள் பதிவேட்டை மூடிக்கொண்டிருந்தார்.

"பதினொண்ணுக்குக் கூப்பிட்டோம். நீ இல்லே. 'ஆஜராகவில்லை'ன்னு எழுதியாச்சு."

"அந்த நோயாலதானே மேடம் ஓடினேன்!"

"அதைத்தான் நாங்க பாக்கணும்னோம். நீ அதையும் கூடவே எடுத்துண்டு போயிட்டியே."

சுப்ரமணியனுக்கு இரக்கம் இல்லாமலில்லை. அவனைத் தனியாகக் கூப்பிட்டுத் தோளில் கை போட்டார். "இதோ பாரு, டிசம்பர்ல ஆண்டு விழா. குணமானவர்ங்கற முறையில உனக்குத்தான் பொன்னாடை. அது நல்லபடியா முடியட்டும். ஜனவரி மொதல் மீட்டிங்ல உன் மாத்திரை விஷயத்தை நானே எடுக்கறேன். எழுதித் தரேன்."

சிவப்பு மையில் எழுதியே கொடுத்தார்.

விழா நாளில் அவனுக்கு நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல்.

"போவண்டாம்," என்றாள் சண்முகவடிவு. "ராத்திரி முச்சூடும் பதினேழு தடவ. நான் எண்ணிக்கிட்டே கெடந்தேன். நேரே ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"ஒரு மணி நேரந்தான் வடிவு. போகலேன்னா ஜனவரில எடுக்க மாட்டாவ. நின்னுட்டு, சால்வைய வாங்கிட்டு, அங்கேருந்தே ஆஸ்பத்திரி."

"நிக்க முடியுமா?"

"நின்னுதான ஆவணும்."

அரங்கு நிறைந்திருந்தது. செம்பூர், சுனாபட்டி, கோபர்கைரனேயிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். மேடைக்குப் பின்னால் மாரிக்கண்ணனின் போன வருடத்துப் படம், ஒரு ஆள் உயரம். படத்துக்குக் கீழே நின்ற ஆள் அதற்குத் தம்பி மாதிரி இருந்தான். நோஞ்சான் தம்பி.

"நீங்க ரொம்ப பேலா, வெளிறிப்போய் இருக்கீங்க," என்றான் நிகில். "டோன்ட் வொர்ரி. ஃப்ளாஷ் போட்டுடறேன்."

பொன்னாடை போர்த்திய பிறகு சுப்ரமணியன் மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே. பெருங்குடல் புண்ணுங்கற இந்த நோய்க்கு மருந்தே கிடையாதுங்கறா. அமெரிக்காவுல இல்லையாம். ஜெர்மனில இல்லையாம். ஆயுசு பூரா மாத்திரை முழுங்கணுமாம். நம்ம சபா அதை ஏத்துக்கலே. நம்மகிட்ட லேப் இல்லே, டாக்டர் இல்லே. ஆனா கட்டுப்பாடு இருக்கு. ஒரு நோயாளியை எத்தனை நாள் நோயாளியாவே வச்சுண்டிருக்கறது? யாராவது ஒருத்தர் 'போறும்'னு சொல்லணுமோல்லியோ? நாங்க சொன்னோம். உலகத்துலயே முதல் தடவையா, ஒரு பைசா செலவில்லாம, மருந்தை நிறுத்தியே இவரை குணப்படுத்தியிருக்கோம்!"

கைதட்டல் ஓய ஒரு நிமிடம் ஆயிற்று. அந்த ஒரு நிமிடத்தில் மாரிக்கண்ணன் அபயாம்பாளின் பக்கம் திரும்பி, சாவி என்று கையால் கேட்டான். அடுத்து அவருடைய நன்றியுரை. அவர் ஒரு விரலைத் தூக்கி, ஒரு நிமிஷம் என்று காட்டினார். நன்றியுரையில் நாற்பத்து மூன்று பெயர்கள். மாரிக்கண்ணன் பொன்னாடையை எடுத்து இடுப்பில் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டான். முன் வரிசையில் ஒரு பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம், "பாத்தேளா மரியாதையை? கோவில்ல கட்டிக்கற மாதிரி இடுப்புல கட்டிண்டுட்டான்," என்றார்.

இருபத்தெட்டாவது பெயரில் மாரிக்கண்ணன் இரண்டடி முன்னால் வந்தான். மூன்றாவது அடியில் தலைவரின் காலடியில் முகம் குப்புற விழுந்தான். இரண்டு கையும் தலைக்கு மேலே நீண்டிருந்தன.

நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்குகிறான் என்று அரங்கம் எழுந்து நின்றது. பெண்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சுப்ரமணியன் குனிந்து அவன் தலையில் கை வைத்தார்.

"தீர்க்காயுசா இரு. போறும், எழுந்திரு."

எழுந்திருக்கவில்லை.

"எழுந்திருப்பா. எல்லாரும் பாத்தாச்சு."

கடைசி வரிசையிலிருந்து சண்முகவடிவு நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடி வருவதையும் சிலர் பக்தி என்றே நினைத்தார்கள். நிகில் எடுத்த படம் நன்றாக வந்திருந்தது. ஆண்டறிக்கையின் அட்டையில் அதுதான் போட்டார்கள். அன்றைய குறிப்பில் அபயாம்பாள் எழுதினார்: பயனாளி சபைக்குத் தன் நன்றியைத் தெரிவித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். மூன்று பாட்டில் ரத்தம். ஆறாம் நாள் டாக்டரம்மா சண்முகவடிவை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"மருந்து கேக்கல. குடல் ஊதிக்கிட்டே போகுது. உள்ள வெடிச்சா ஆளே இருக்க மாட்டார். பெருங்குடலை முழுசா எடுத்துடணும். இன்னைக்கே."

"எடுத்துட்டா எப்பிடிம்மா வெளிய போவாரு?"

"வயித்துல ஒரு துவாரம் வைப்போம். அதுல ஒரு பை ஒட்டணும். நிறைஞ்சதும் காலி பண்ணிக்கலாம். நாலஞ்சு நாளைக்கு ஒரு தரம் பையை மாத்தணும். வேலைக்குப் போகலாம், எல்லாம் சாப்பிடலாம்."

சண்முகவடிவு அவர் நீட்டிய சம்மதக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள்.

"அவரு பை தைக்கிறவரும்மா," என்றாள்.

"தெரியும்."

"மாத்திர ஒழுங்காப் போட்டிருந்தா?"

டாக்டரம்மா கையெழுத்துக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பெரும்பாலும் இவ்வளவு தூரம் வந்திருக்காது."

ஆபரேஷன் முடிந்து நாலாம் நாள் சுப்ரமணியன் ஆப்பிளோடு வந்தார். உண்மையிலேயே வருந்தியிருந்தார், மூன்று நாளாகத் தூங்கவில்லை. தூங்காததற்குக் காரணம், அவனைக் குணமானவன் என்று சொல்லும் ஆண்டறிக்கை அச்சாகியிருந்தது. கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்த மாரிக்கண்ணனைப் பார்த்துவிட்டு, டாக்டரம்மாவை வாசலில் மறித்தார்.

"டாக்டர், ஒரே ஒரு சந்தேகம். இனிமே இவருக்கு அந்தப் பெருங்குடல் புண்ணு வருமா?"

"பெருங்குடலே இல்லையே சார். அது எப்படி வரும்?"

"அதாவது, நிரந்தரமா வராது?"

"வராது."

சுப்ரமணியனின் முகம் மூன்று நாளைக்குப் பிறகு தெளிந்தது.

"இதை எழுத்துல தர முடியுமா?"

பிப்ரவரி முதல் ஞாயிறு சண்முகவடிவு சபாவின் படியேறினாள். கையில் விண்ணப்பம். ஒட்டுகிற பை மாதத்துக்கு எட்டு வேண்டும். ஆஸ்பத்திரி கொடுத்த பை மூன்று மீதி இருந்தது. போன வாரம் அதில் ஒன்றை மாரிக்கண்ணன் கழுவிக் காயவைத்து மறுபடி ஒட்டி, சுற்றிலும் தோல் வெந்து போயிருந்தது. அவனுக்கு இன்னும் மிஷினில் உட்காரத் தெம்பு வரவில்லை. கலீலுல்லா மட்டும் ஆறாவது கதவுக்கு உள்ளே ஒரு கொக்கியும் ஒரு வாளியும் வைத்துக் கொடுத்திருந்தார்.

அபயாம்பாள் விண்ணப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "'நோயின் பெயர்'ங்கற இடம் காலியா இருக்கேம்மா."

"நோயி இல்லம்மா. குடல எடுத்தாச்சுல்லா. பைதான் வேணும்."

"நோய் இல்லாதவாளுக்கு விண்ணப்பமே கிடையாதும்மா."

"அப்பம் பழைய நோயி பேர எழுதுங்க."

"அதுக்குத் தீர்மானம் இருக்கே. குணமாயிடுத்துன்னு." அவர் குரலைத் தாழ்த்தினார். "இப்போ டாக்டரே எழுதிக் குடுத்துட்டார். ஜூலைல நாங்க சொன்னதை."

சுப்ரமணியன் உள்ளிருந்தே பேசினார். "அம்மா, நீங்க கஷ்டப்படறேள், எனக்குப் புரியறது. ஆனா ஒரு விஷயம் யோசிச்சுப் பாருங்கோ. டாக்டருக்கு ஒரு ஆபரேஷன், பதினேழு நாள் ஆஸ்பத்திரி தேவைப்பட்டுது இதைக் கண்டுபிடிக்க. நாங்க அஞ்சு மாசம் முன்னாடியே சொன்னோம். பொன்னாடையை நீங்களே வச்சுக்கலாம். அதுல ஆட்சேபம் இல்லே."

சண்முகவடிவு ஒரு பிளாஸ்டிக் கவரை மேஜையில் வைத்தாள். உள்ளே மடித்த பொன்னாடை. மஞ்சள் ஜரிகை தெரிந்த இடம் கொஞ்சம்தான். மற்ற இடமெல்லாம் காய்ந்து கறுத்திருந்தது.

"நோய கண்ணால பாக்கணும்னு சொன்னீயல்லா சார். துவைக்கவே இல்ல. பாத்துக்கிடுங்க."

நிகில் ஜன்னலைத் திறந்தான்.

சுப்ரமணியன் கவரைப் பேனாவின் முனையால் சற்றே தள்ளினார். "பயனாளி நேர்ல ஆஜராகலே," என்றார். "அடுத்தது யாரு?"

அடுத்தது பேராச்சி. புதுச் சேலை உடுத்தி, லேபிலிருந்து வந்த காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படியிலேயே காத்திருந்தாள். சண்முகவடிவு திரும்பும்போது அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"யத்தே, உள்ள போவாதிய. அதக் காட்டாதிய."

"ஏம்ட்டி? நல்ல சேதியில்லா!" பேராச்சி அந்தப் பிடியை வாழ்த்து என்று எடுத்துக்கொண்டு, சிரித்தபடி உள்ளே போனாள்.

"சார், பாத்தியளா! எல்லாம் நீங்க குடுத்த ஊசிதான். ரெண்டு மாசமா சுகர் நார்மல்."

"நார்மலா?" என்றார் சுப்ரமணியன்.

சிவப்புப் பேனாவின் மூடி திறக்கும் சத்தம் படி வரைக்கும் கேட்டது.